சின்ன வண்டியை மாற்றுவதும் ஓட்டப் பழகுவதும்: கடை பெஞ்சில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்து 17 ஆண்டுகள் ஆகின்றன. கல்லாவுக்கு எதிரே ஒரு மர பெஞ்சு கிடக்கிறது. கிளட்ச் கேபிள் வாங்க வருகிறவர், மகனுக்குப் புது வண்டி எடுத்த அப்பா, பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் அதில் உட்கார்ந்துதான் சந்தேகம் கேட்பார்கள். ஆள் மாறும், கேள்வி மாறாது. எழுதி வைத்துவிட்டால் தொண்டைத் தண்ணீராவது மிஞ்சும் என்று எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். இலக்கணத்தை மட்டும் கொஞ்சம் தட்டிச் சரிசெய்தேன்.

அண்ணா, முதல் வண்டி எத்தனை சி.சி.யில் எடுக்கலாம்?

100 முதல் 125 சி.சி. வரை போதும். நான் பார்ப்பது இன்ஜினை அல்ல, எடையை. இந்த அளவு வண்டிகள் பெரும்பாலும் 110 முதல் 125 கிலோவுக்குள் இருக்கும். படுத்துவிட்டால் நீங்கள் ஒருவராகவே தூக்கி நிறுத்த வேண்டும். பழகும் காலத்தில் அது நிச்சயம் ஒருமுறையாவது படுக்கும். முதல் கீறல் விழும்போது வயிறு எரியாமல் இருக்க, பழைய வண்டியில் பழகுவது இன்னும் நல்லது.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனது. அதற்குக் கீழே உள்ளவற்றில் சி.பி.எஸ். என்ற கூட்டு பிரேக்கும் இருக்கலாம். அதாவது, பின் பிரேக்கை மிதித்தால் முன் சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரியாமல் சாலைக்கு வராதீர்கள்.

பையனுக்கு 17 வயது. டியூஷனுக்குப் போய் வர மட்டும் கொடுக்கலாமா?

கூடாது. கியர் வண்டிக்கு 18 முடிந்திருக்க வேண்டும். 16 வயதில் கிடைக்கும் உரிமம் 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்திற்குப் பிறகு, சிறுவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுகள் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமமே கிடைக்காது. இதைச் சொன்னால், "எங்கள் பையன் மெதுவாகத்தான் ஓட்டுவான்" என்பார்கள். எதிரே வருகிற கிரானைட் லாரிக்கு அது தெரியவேண்டுமே.

எங்கே பழகுவது? மாமா பின்னால் உட்கார்ந்து கற்றுத்தருகிறேன் என்கிறார்.

நம் பக்கம் இதற்கு இடப் பஞ்சமே இல்லை. மனைப் பிரிவு போட்டு இன்னும் வீடு வராத நிலம் ஊருக்கு ஊர் இருக்கிறது. மஞ்சள் அடித்த மனைக்கற்களைச் சுற்றித் திரும்பிப் பழகலாம். சந்தை கூடாத நாளில் சந்தைத் திடலும் சரிதான். புறவழிச்சாலைப் பக்கமே போகவேண்டாம்.

முதல் அரை மணி நேரம் ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். என் அக்கா மகளுக்கு நான் கற்றுக்கொடுத்தது இப்படித்தான். வண்டியை ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டு, இரண்டு காலும் தரையில் இருக்க, கிளட்சை நெல்லுக்கு மடை திறப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னேன். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் இறங்கி, வண்டி தானாக முன்னே நகர முனகும். அந்த இடம்தான் ஹாஃப் கிளட்ச். சமதரையில் 100 சி.சி. வண்டி ஆக்சிலேட்டர் இல்லாமலே ஆளைச் சுமந்து நகர்ந்துவிடும். நகர்ந்ததும் கிளட்சைப் பிடித்து நிறுத்த வேண்டும். நகர்த்து, நிறுத்து. இதையே நாற்பது ஐம்பது தடவை செய்தாள். மறுநாள் அவள் விரல்கள் வலித்தன, ஆனால் வண்டி ஒருமுறைகூடத் துள்ளவில்லை. துள்ளி ஓடி வேலியில் முட்டுகிறவர்கள் எல்லாரும் ஆக்சிலேட்டரையும் கிளட்சையும் ஒரே நாளில் கற்றவர்கள்.

மாமாவை முதல் இரண்டு மூன்று நாள் நிழலில் உட்காரச் சொல்லுங்கள். பின்னால் 70 கிலோ இருந்தால் வண்டியின் சமநிலையே வேறு. சாலைக்கு வரும்போது அவர் வேண்டும். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டி, உரிமம் உள்ள ஒருவரைப் பயிற்றுநராக வைத்துக்கொண்டுதான் ஓட்டவேண்டும். அவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழிந்த பிறகுதான் தேர்வுக்குப் போக முடியும்.

முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புறக் கவிழும் என்கிறார்களே?

இந்த ஊரில் அதிகம் பேரைக் கீழே தள்ளியது இந்த நம்பிக்கைதான். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் டயர் தரையை அழுத்துகிறது, பின் டயர் இளகுகிறது. ஆகவே நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன்னால்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவருக்குப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

தவறு முன் பிரேக்கில் இல்லை, அதைப் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது. வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். இரண்டு பிரேக்கும் சேர்த்து, ஹேண்டில் நேராக இருக்கும்போது. திரும்பிக்கொண்டிருக்கும்போதும் மணல்மீதும் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். வெற்று நிலத்தில் 20 கி.மீ. வேகத்தில் தொடங்கி, பிறகு 30, பிறகு 40 என்று நிறுத்திப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. சுண்ணாம்பால் கோடு போட்டு அளந்து பார்த்தவர்கள் நம்புகிறார்கள்.

எட்டுப் போடும்போது கால் ஊன்றிவிடுகிறேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தேறுவேனா?

கால் ஊன்றினால் தேற மாட்டீர்கள். நீங்கள் கோட்டைப் பார்த்து ஓட்டுகிறீர்கள். அடுத்த வளைவைப் பாருங்கள். கண் போகும் இடத்துக்கு வண்டி வரும். முதல் கியர், ஹாஃப் கிளட்ச், பின் பிரேக்கில் பட்டும் படாமலும் ஒரு மிதி, ஆக்சிலேட்டர் ஒரே அளவில். முன் பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். இரண்டு மனைக்கற்களைச் சுற்றி ஒரு வாரம் மாலை வேளையில் போட்டால் வந்துவிடும்.

கால் தரையில் எட்டவில்லை. சீட்டை வெட்டலாமா?

வெட்டுவதற்கு முன், ஒரு கால் எட்டினால் போதும் என்பதைப் பழகிப் பாருங்கள். நிற்கும்போது இடது கால் தரையில், வலது கால் பிரேக்கில். அதற்கும் எட்டவில்லை என்றால் சீட்டின் ஸ்பாஞ்சை ஓர் அங்குலம் குறைத்து உறை தைத்துக்கொள்ளலாம். ஓரங்களைச் சரிவாகச் செதுக்கினால் உயரம் குறையாமலே கால் இறங்கும். சட்டகத்தை அறுப்பது, சாக் அப்சார்பரைக் குட்டையாக்குவது இரண்டும் வேண்டாம். வளைவில் ஸ்டாண்டு தரையில் உரசி வண்டியைத் தூக்கிவிடும்.

வண்டியில் முதலில் எதை மாற்றலாம், மாமா?

எதையும் வாங்காமல் மாற்றக்கூடியவை நான்கு இருக்கின்றன. அவற்றைச் செய்த பிறகு என் கல்லாவுக்கு வாருங்கள். கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும் உங்கள் முன்கைக்கு நேர்கோட்டில் வருமாறு கிளாம்பைத் தளர்த்தித் திருப்பி வையுங்கள். பெண்களுக்கும் சின்னக் கை உள்ளவர்களுக்கும் இது ஒன்றே பாதி வலியைப் போக்கும். பின் பிரேக் பெடலின் உயரத்தைப் பாதத்துக்கு ஏற்பச் சரிசெய்யுங்கள். கண்ணாடியில் உங்கள் முழங்கை ஓரமாக மட்டும் தெரியவேண்டும். முகம் தெரிந்தால் அது சீப்பு வைத்துத் தலைவாரத்தான் உதவும். காற்றழுத்தம் செயின் கவரிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் கம்பியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி இருக்கட்டும்.

காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் நல்ல டயர், வழுக்காத கைப்பிடி, பின்புறத்தில் சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் என்ற வரிசையில் செலவழியுங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஓட்டும் கைக்குத் தெரியும்.

ஹேண்டில்பாரைத் தாழ்வாக, நேராக மாற்றினால் அழகாக இருக்குமே?

இருக்கும். நானும் மாற்றினேன். என்னுடைய 100 சி.சி. வண்டியில் நேர்க் கம்பியைப் பூட்டி, பழைய கேபிள்களையே வளைத்துத் திணித்துக்கொண்டேன். இரண்டு நாள் ஊரைச் சுற்றினேன். மூன்றாம் நாள் கடை வாசலிலேயே வண்டியைத் திருப்ப ஹேண்டிலை முழுக்க ஒடித்தபோது, ஆக்சிலேட்டர் கேபிள் இறுக்கி இழுத்து, நான் முறுக்காமலே இன்ஜின் உறுமியது. வண்டி பாய்ந்து எதிர் தேநீர்க் கடை பெஞ்சில் ஏறியது. நல்லவேளை, பெஞ்சில் யாரும் இல்லை. அந்தக் கடைக்காரர் இன்றுவரை என்னைக் கண்டால் பெஞ்சை நகர்த்தி வைப்பதுபோல் பாவனை செய்வார்.

கேபிள், பிரேக் குழாய், ஒயர் எல்லாம் அந்த வண்டியின் ஹேண்டிலுக்கு அளந்து வெட்டியவை. கம்பி மாறினால் அவையும் மாறவேண்டும். கம்பியை மாற்றாவிட்டாலும்கூட, புதுக் கேபிள் போட்ட ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும், ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்புங்கள். சத்தம் மாறவே கூடாது.

சைலன்சரை மாற்றினால் பிக்கப் கூடுமா?

சத்தம் கூடும். சத்தம் கூடுவதால் வேகம் கூடியதாகத் தோன்றும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கியும் ஆக்சிஜன் சென்சாரும் வெளியேற்றுக் குழாயோடு சேர்ந்தவை. அதைக் கழற்றினால் பெட்ரோல் அளவைக் கணக்கிடும் கருவி குழம்பி, எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி திக்கும். மாசு, இரைச்சல் தொடர்பான பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் 3 மாதம் உரிமத் தகுதியிழப்பும் சட்டத்தில் இருக்கின்றன. நான் இந்தச் சரக்கை வாங்கி வைப்பதில்லை. கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.

பின் டயரை அகலமாகப் போடலாமா?

கம்பெனி கையேட்டில் உள்ள அளவு மட்டும். ஒல்லி ரிம்மில் தடித்த டயரைத் திணித்தால் ஓரங்கள் உள்வாங்கி டயர் கூம்பிவிடும். தரையில் படும் பரப்பு நினைத்த அளவு கூடாது. செயினிலும் மட்கார்டிலும் உரசும், மைலேஜ் இறங்கும். அகலத்துக்குக் கொடுக்கும் காசை நல்ல ரப்பருக்குக் கொடுங்கள். மழையில் ஒருநாள் அதற்கு நன்றி சொல்வீர்கள்.

இரவில் வெளிச்சம் போதவில்லை. எல்.இ.டி. விளக்கு மாட்டலாமா?

முதலில் இருக்கிற விளக்கைச் சரிபாருங்கள். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, நீங்கள் ஏறி உட்கார்ந்து டிம் வெளிச்சம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு, விளக்கின் நடுப்பகுதி உயரத்தைவிடச் சற்றுத் தாழ்வாக விழவேண்டும். என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு வெளிச்சம் மரக்கிளைக்குத்தான் போகிறது. ரிஃப்ளெக்டர் மஞ்சளித்துப் போயிருந்தால் பல்பை மாற்றி என்ன பயன்?

சின்ன வண்டியின் ஹாலஜன் பல்பு பெரும்பாலும் 35 வாட். அந்த இடத்தில் 100 வாட் பல்பைச் சொருகியவர்களின் ஹோல்டர் உருகி என் மேசைக்கு வந்திருக்கிறது. கூடுதல் விளக்கு கண்ணைக் கூசவைத்தால் எதிரே வருகிறவர் உங்கள்மீதுதான் ஏறுவார்.

நம்பர் பிளேட்டைச் சின்னதாக்கி, பின் மட்கார்டையும் சேலைக் கம்பியையும் எடுத்துவிட்டால் என்ன?

2019 ஏப்ரல் முதல் புது வண்டிக்கு உயர்பாதுகாப்புப் பதிவுத் தகடு கட்டாயம், தருமபுரியின் டி.என். 29 ஆனாலும் கிருஷ்ணகிரியின் 24 ஆனாலும் ஓசூரின் 70 ஆனாலும் அதைக் கழற்றி வடிவம் மாற்றக்கூடாது. சேலைக் கம்பியைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால்மிதி, பின் சக்கரத்தில் பாதியாவது மறையும் தடுப்பு ஆகிய மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கின்றன. துப்பட்டா சக்கரத்தில் சுற்றியதை ஒருமுறை பார்த்தவர் அந்தக் கம்பியைக் கழற்ற மாட்டார்.

அப்படியானால் சட்டப்படி எதைத்தான் மாற்றலாம்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்ணத்தை மாற்றலாம், ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும். சீட் உறை, கைப்பிடி, டேங்க் ஒட்டுப்பட்டை, கண்ணாடிக் கம்பியில் செல்பேசி தாங்கி போன்றவற்றை யாரும் கேட்பதில்லை.

காப்பீட்டையும் நினைவில் வையுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் உண்டு. வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உரிமம் இல்லாமல் ஓட்டினால் கைகொடுக்காது.

கல்லூரி சேலத்தில் இருக்கிறது. தொப்பூர் கணவாயில் பைக்கில் போகலாமா?

ஆறு மாதமாவது ஊர்ச் சாலையில் ஓட்டிய பிறகு, பகலில் மட்டும். தருமபுரியிலிருந்து சேலம் போகும் திசை நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதும் அங்கே பழைய கதை. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். மூன்றாவது கியரில், ஆக்சிலேட்டரை விட்டு, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்குங்கள். பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கலாம். தொடர்ந்து தேய்த்துக்கொண்டே போகக்கூடாது.

பிரேக் லைனர் கருகும் வாடை வந்தால் முன்னால் போகும் லாரியிடமிருந்து விலகலாம். பின்னால் வருகிற லாரியின் வாடை உங்களுக்கு வராது. அதைக் கண்ணாடிதான் சொல்லும். முழங்கை ஓரமாகத் தெரியவேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான். இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒருபோதும் போகாதீர்கள். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறீர்கள். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி இடைவெளி, மழையில் நான்கு.

சாலையில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். அதன்மேல் எப்படி ஓட்டுவது?

நம் மாவட்டத்துக்கே உரிய கேள்வி. கேழ்வரகும் கொள்ளும் அறுவடையாகும் மாதங்களில் வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று தார்ச்சாலையிலேயே பரப்புகிறார்கள். உதிர்ந்த மணிகள் பேரிங் குண்டுகள் போல உருளும். மேலே கேழ்வரகுத் தாள் மெத்தைபோல் கிடப்பதால் அடியில் இருப்பது தெரியாது. தூரத்தில் பார்த்ததும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஏறியபின் நேராக, இரண்டாவது கியரில், பிரேக் தொடாமல், சாயாமல் கடக்கவேண்டும். தாண்டியதும் ஓரமாக நிறுத்திக் குனிந்து பாருங்கள். முன் சக்கர அச்சில் தாள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு டிரம்மை இறுக்கியிருக்கும். சைலன்சருக்கும் பெடலுக்கும் இடையே சிக்கியது புகைய ஆரம்பித்திருக்கும். விரலால் இழுக்காதீர்கள், சுடும். ஒரு குச்சி போதும்.

மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் இதே கதை வேறு பழத்தில். கூழ் ஆலைக்குப் போகும் டிராக்டரிலிருந்து விழுந்து நசுங்கிய மாங்காய் எண்ணெயைவிட மோசம். அந்த டிராக்டர்கள் பலவற்றில் பின் விளக்கும் இருக்காது.

வார இறுதியில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகச் சுற்றிவரலாம் என்று இருக்கிறோம்.

பகலில் போய் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் அந்தப் பக்கம் வருகின்றன. யானையைக் கண்டால் ஹாரன் அடிக்காமல், படம் எடுக்காமல், தூரத்திலேயே வண்டியைத் திருப்புங்கள். திருப்புவதற்குத்தான் எட்டுப் போடப் பழகினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் சாலையில் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்க நிறுத்தாதீர்கள். அவை அடுத்த வண்டியின் குறுக்கே பாயும்.

ஹெல்மெட்டில் விலை வித்தியாசம் ஏன்? 400 ரூபாய்க்கும் கிடைக்கிறதே?

ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கவேண்டும். தலையில் மாட்டி, வாரைப் பூட்டி, பின்புறத்திலிருந்து மேலே தூக்கிப் பாருங்கள். கழன்றால் அது உங்கள் அளவு அல்ல. வாரைப் பூட்டாதவருக்கு ஹெல்மெட் தொப்பிதான். பின்னால் உட்காருகிறவருக்கும் கட்டாயம். ஒருமுறை பலமாக அடிபட்டதை மறுபடி மாட்டாதீர்கள். உள்ளே நொறுங்கியது வெளியே தெரியாது.

பழைய வண்டி வாங்கினேன். முந்தைய சொந்தக்காரர் எல்லாவற்றையும் மாற்றி வைத்திருக்கிறார். இப்போது என்ன செய்வது?

கழற்றிய அசல் பாகங்களைக் கேளுங்கள். பெரும்பாலும் பரண்மேல் சாக்கில் கட்டிப் போட்டிருப்பார்கள். விலை பேசும்போதே கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பார். இன்ஜின் எண், சேசிஸ் எண், வண்ணம் மூன்றும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. மற்றவற்றில் சைலன்சர், மட்கார்டு, கண்ணாடி, இன்டிகேட்டர் ஆகியவற்றை முதல் வாரமே அசலுக்கு மாற்றுங்கள். ஹேண்டில் மாறியிருந்தால் மேலே சொன்ன சோதனை. ஒயரிங்கை வெட்டி ஒட்டியிருந்தால் ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். டேப் சுற்றிய முடிச்சு மழைக்காலம் வரைதான் தாங்கும்.

விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்யவேண்டும்?

எழுந்து நிற்க அவசரப்படாதீர்கள். சாவியைத் திருப்பி இன்ஜினை அணையுங்கள், பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருக்கலாம். கை கால் அசைகிறதா என்று பார்த்து, சாலையிலிருந்து விலகுங்கள். அடுத்தவர் விழுந்து பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாமல் 108-ஐ அழையுங்கள். உதவி செய்கிறவரைப் பெயர் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமில்லாமல் கிடைக்கும். பணம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு வராமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். ஹேண்டில் நேராக இருக்கும்போது முன் சக்கரம் நேராக இருக்கிறதா, பிரேக் லீவர் முழுக்கத் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிடலாம். லீவர் மட்டும் வளைந்திருந்தால் பத்து நிமிட வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை இருக்காது.